முயல் அறைக்கு வெந்நீர்

பெயிண்டர் லாட்ஜுக்கு யாரும் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினத்தில் ஏறி உச்சிக்குப் போனால் போதும். பின்கேட்டுக்கு எதிர்ச்சந்தில், தகரக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே, பழுத்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் கண்ணைப் பறிக்கும். அதற்காகவே அடித்த நிறம் அது. "மேலேர்ந்து பாக்கற பிள்ளை, அதோ நம்ம ரூமுன்னு கை காட்டணும். நமக்கு வேற என்ன விளம்பரம்?" என்பார் பெயிண்டர். போன வருடம் கிளிப்பச்சை. அதற்கு முந்தின வருடம் கத்தரிப்பூ நிறம். அந்த வருடம் அக்கம்பக்கத்தார் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

பூங்கா கட்டியபோது சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர். வேலை முடிந்து மற்றவர்களெல்லாம் ஊர் திரும்பினார்கள். இவர் மட்டும், வருகிற கூட்டம் எங்காவது தலை சாய்க்க வேண்டுமே என்று யோசித்துத் தங்கிவிட்டார். பதினான்கு அறைகள். பத்தடிக்குப் பதினோரடி. ஒவ்வோர் அறையின் சுவரிலும் அவர் கையால் ஒரு படம். திமிங்கலம் என்று அவர் வரைந்தது வால் முளைத்த பூசணிக்காய் போல இருக்கும். முயலுக்குக் கழுதைக் காது. பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும். அறைக்கு நம்பர் இருந்தாலும் எல்லோரும் திமிங்கல ரூம், ராக்கெட் ரூம், முயல் ரூம் என்றுதான் சொல்வார்கள்.

பெரிய சாலையில் கண்ணாடி வைத்த ஓட்டல்கள் வந்தபோதுகூட அவர் அசரவில்லை. "நம்மகிட்ட வர்றவன் ரூம்ல உக்காந்திருக்கவா வர்றான்? காலைல ஒன்பதரைக்குப் போனா சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்பைக் கையில பிடிச்சிட்டு வருவான். குளிச்சா வெந்நீர், படுத்தா தூக்கம், விடிஞ்சா டீ. மத்ததெல்லாம் ஜிகினா" என்பார்.

வீட்டில் மூன்று பேர். பெயிண்டர், அவர் மனைவி, அவருடைய தங்கை. தங்கை கல்யாணமாகி இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். அடுப்படி அவள் பொறுப்பு. அறைகள் மனைவியின் பொறுப்பு. வெந்நீர், வாசல், தொலைபேசி மூன்றும் பெயிண்டருடையவை. ஒரே மகள், கல்யாணமாகி ஏழு மணி நேரப் பயணத்தில் இருந்தாள்.

பள்ளி விடுமுறையின் இரண்டாவது வாரம். பதினான்கு அறைகளும் நிறைந்திருந்தன. விடியும்போதே காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வந்தது. ஏழு மணிக்கு முயல் அறைக்காரர் மாடிப்படியில் நின்று கத்தினார்.

"ஏம்மா! வெந்நீர் வரல! கால் மணி நேரமா சோப்பைப் போட்டுட்டு நிக்கறேன்!"

"இதோ வந்துடும் சார். அவரு மேலதான் இருக்காரு" என்றாள் பெயிண்டரின் மனைவி.

மொட்டை மாடியில்தான் பாய்லர். ஐந்தரைக்குப் பற்றவைத்து, ஆறே முக்காலுக்கு வால்வைத் திறந்துவிடுவது பெயிண்டரின் வழக்கம். கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. படியேறிப் போனாள்.

அவர் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் நீட்டி, கை ஒன்று மடியில். வெயில் முகத்தில் நேராக விழுந்தும் கண்ணைச் சுருக்கவில்லை. அவள் தோளைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு மூக்குக்கு நேரே விரல் வைத்தாள்.

பாய்லர் கொதித்து உறுமிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, அவர் காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய், வால்வைத் திறந்தாள். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கைப்பிடிச் சுவரோரம் வந்து கீழே பார்த்தாள். சலவைக்காரர் அப்போதுதான் வண்டியைச் சாய்த்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் மேல வாங்க. அடுத்த தெரு டாக்டரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். அழுக்குத் துணி எடுக்கக் கூப்பிடுகிற அதே குரல்.

டாக்டர் வந்து பார்த்தார். "முக்கால் மணி நேரமாவது ஆயிருக்கும்மா. மாரடைப்புதான். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார்.

படுக்கை விரிப்பு ஒன்றை இரட்டையாக மடித்து அதில் அவரைக் கிடத்தினார்கள். டாக்டர், சலவைக்காரர், மனைவி, தங்கை என்று நான்கு பேரும் மூலைக்கொருவராகப் பிடித்து இறக்கினார்கள். குறுகலான படி. திருப்பத்தில் சலவைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றார். மூடிய கதவுகளுக்குப் பின்னால் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அறையில் யாரோ பாடிக்கொண்டே குளித்தார்கள். இன்னொன்றில் கண்ணில் சோப்பு பட்டுவிட்டதென்று ஒரு பிள்ளை அழுதது. ஒரு கதவும் திறக்கவில்லை.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் இரண்டே அறைகள்தான் அவர்கள் வீடு. கட்டிலில் கிடத்தியதும் தங்கை வாய்விட்டுக் கதறப் போனாள். அண்ணி அவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் வேண்டாம். ஒன்பதரைக்கு பார்க் தெறந்துடும். இன்னும் ரெண்டு மணி நேரம்."

தங்கை கையைத் தட்டிவிட்டாள். "அண்ணி, இங்க கெடக்கறது என் அண்ணன்."

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்? இவரை இப்படிப் போட்டுட்டு நாப்பது பேருக்கு நான் முட்டை உரிக்கணுமா?"

"நீ இங்க உக்காரு. நான் உரிக்கறேன்."

"எல்லாரையும் போகச் சொல்லுங்க! சாவு வீட்டுல எதுக்கு டீ?"

"எங்க போவாங்க? இந்தச் சமயத்துல எங்க ரூம் கெடைக்கும்? குழந்தைகுட்டியோட வந்திருக்காங்க. கூட்டம் போகட்டும்."

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவள் சட்டென்று நின்றாள், யாரோ முதுகுக்குப் பின்னாலிருந்து அதைச் சொன்னதுபோல. பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு அவளே ரொட்டியை வாட்டினாள். ஐம்பது முட்டைகளை வேகவைத்து உரித்தாள். வாழைப்பழச் சீப்புகளைப் பிரித்துத் தட்டில் அடுக்கினாள். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. கூடத்தில் ஆறு மேசைகள். கடைசி மேசைக்கும் அந்தச் சாத்திய கதவுக்கும் மூன்றடிதான் இடைவெளி. திமிங்கல அறைச் சிறுமி வாழைப்பழத்தை உரித்தபடி கேட்டாள்.

"ஆன்ட்டி, பெயிண்டர் மாமா எங்க?"

"தூங்கறாரு."

"இன்னுமா? சோம்பேறி!"

"ஆமா" என்றாள்.

முயல் அறைக்காரர் தட்டோடு எழுந்து வந்தார். ஓங்குதாங்கான ஆள். எங்கோ பேருந்தில் நடத்துநராக இருக்கிறவர். குரலில் அது தெரியும். "லேட்டா வந்தாலும் தண்ணி நல்ல சூடு. ஆனா இனிமேலாவது டயத்துக்குத் திறக்கச் சொல்லுங்கம்மா அவரை."

"சொல்றேன் சார்."

ஒன்பதேகாலுக்குத் தொப்பிகளும் தண்ணீர் பாட்டில்களும் நீச்சல் வளையங்களுமாகச் சந்து முழுக்கக் கூட்டம் நடந்தது. கடைசிப் பிள்ளையும் திருப்பத்தில் மறைந்த பிறகு அவள் உள்ளே போய், "இப்ப அழு" என்றாள் நாத்தனாரிடம்.

மகளுக்குப் போன் போட்டாள். "அப்பா போயிட்டாரு" என்றாள். மறுமுனையில் சத்தம் அடங்கும்வரை காதிலேயே வைத்திருந்தாள். "பஸ்ல வெயில் படற பக்கம் உக்காராத. தண்ணி எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் மரம்போல நின்றாள். மதிலுக்கு அப்பால் பூங்கா முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரோலர் கோஸ்டர் ரயில் உச்சியிலிருந்து விழும்போதெல்லாம் நூறு பேர் ஒன்றாக அலறும் சத்தம் வரும்; அடங்கும்; மறுபடி வரும். உள்ளே அழுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்கள். அவள் மட்டும் அவர் காலடியில் உட்கார்ந்து, அவருடைய நகக் கண்ணில் ஒட்டியிருந்த ஆரஞ்சு வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு எழுந்தாள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

"எங்க போறா?" என்றாள் ஒருத்தி.

"ரூம் கூட்டவாம்."

"கல்லுடி அது" என்றாள் இன்னொருத்தி.

திமிங்கல அறையில் ஈரத்துண்டு மின்விசிறியில் தொங்கியது. கட்டிலுக்கடியில் ஒற்றைக் காலுறை, பாதி தின்ற பிஸ்கட். தலையணை உறையில் நீல மை. பூங்காவுக்குள் போகிறவர்களுக்குக் கையில் மீன் முத்திரை குத்துவார்கள்; பிள்ளைகள் கையைக் கன்னத்துக்கு வைத்துத் தூங்கினால் மீன் தலையணைக்கு வந்துவிடும். சலவைக்காரர் தினமும் அதைச் சொல்லித்தான் திட்டுவார்.

அவள் விரிப்பை உருவும்போது நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா அண்ணி?"

அவள் புது விரிப்பை உதறினாள்.

"ஊரே பேசுது. புருஷன் கட்டில்ல கெடக்கறான், இவ பெட்ஷீட் மாத்தறான்னு. எனக்கு வெக்கமா இருக்கு. இருபத்தாறு வருஷம் வாழ்ந்தீங்களே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையா?"

"வரல."

"வரலையா?"

"வந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்? உக்காந்து பாத்துட்டேன். வரல. அந்த மூலையப் பிடி."

நாத்தனார் பிடிக்கவில்லை. அவளே சுற்றிப் போய் மூலையைச் செருகினாள். செருகிவிட்டு, குனிந்தபடியே, விரிப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு நாள் முன்னாடி சொன்னாரு. நெஞ்சுல ஏதோ கல்லு வெச்ச மாதிரி இருக்குன்னாரு. தோள்பட்டை இழுக்குதுன்னாரு."

நாத்தனார் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"நான் இதே மாதிரி ஒரு ரூம்ல பெட்ஷீட் மாத்திட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. கூட்டம் போகட்டும், அடுத்த வாரம் போய்க் காட்டலாம்னேன். சரின்னு சொல்லிட்டு பக்கெட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. மூணு மாடி."

கீழே யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது.

"காலைல மேல போனப்ப, மொதல்ல வால்வைத்தான் திறந்தேன். அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியல."

நாத்தனார் வெகுநேரம் சுவரிலிருந்த திமிங்கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலின் மறுபக்கம் வந்து விரிப்பின் மூலையைப் பிடித்தாள்.

"என்கிட்டயும் சொன்னாரு அண்ணி."

"எப்ப?"

"முந்தாநாள். அடுப்படில வந்து உக்காந்து. வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடின்னு ஒரு டம்ளர் குடுத்தேன். குடிச்சிட்டு, சரியாப்போச்சுன்னு சொன்னாரு."

அது நடந்ததா, அல்லது அந்த நேரத்துக்காகச் சொன்னதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. பின்னாளிலும் அவள் கேட்கவில்லை. இருவரும் இழுத்துப் பிடித்து விரிப்பைச் சுருக்கமில்லாமல் செருகினார்கள். அடுத்த அறைக்குப் போனார்கள். பதினான்கு அறைகளையும் முடிக்க மதியம் ஒன்றரை மணியாயிற்று. அதற்குள் இருவரும் பேசியதெல்லாம் "அதை எடு", "இதைப் பிடி" மட்டும்தான்.

அழுக்குத் துணி மூட்டையோடு இறங்கி வந்தபோது வாசலில் முயல் அறைக்காரர் நின்றுகொண்டிருந்தார். மனைவிக்குத் தலைவலி மாத்திரை எடுக்க வந்தவர். வாசலில் குவிந்திருந்த செருப்புகளையும், திறந்த கதவு வழியே கட்டிலையும் பார்த்துவிட்டிருந்தார். கையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா... மாத்திரை எடுக்க வந்தேன்... காலைல நான் கத்தினப்பவே..."

"ஆமாங்க."

"டிபன் குடுத்தீங்களே அதுக்கப்புறம்."

"ரூம்ல மாத்திரை இருக்கும். பெட்டி மேல எடுத்து வெச்சேன்" என்றாள் அவள்.

அவர் மேலே போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினார். அரை மணி நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சந்து முனையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கு வழி காட்டினார். வண்டிகளை ஓரம் நிறுத்தச் சொன்னார். ஐந்தரை மணிக்கு மகள் வந்து இறங்கியபோது பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் திரும்பியது. தலை நனைந்து, தோள் சிவந்து, கையில் செருப்போடு. முயல் அறைக்காரர் அவர்களைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டார். வாழ்நாள் முழுக்க இறங்கு, ஏறு, உள்ளே போ என்று கத்திய ஆள், அன்றைக்குக் காதோடு காதாகச் சொன்னார். ஒரு குடும்பம் படியேறி முடித்த பிறகுதான் அடுத்த குடும்பத்தை விட்டார். நாற்பது பேர் அந்தப் படியில் ஏறியும் ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. திமிங்கல அறைச் சிறுமியை அவள் அப்பா தோளில் போட்டுக்கொண்டு போனார். அவள் தூங்கவில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி போனாள்.

மகள்தான் அன்று அதிகம் பேசினாள். "ஏம்மா இவங்களையெல்லாம் இன்னும் வெச்சிட்டிருக்க? அப்பாவைக் கொன்னதே இந்த லாட்ஜுதான்" என்றாள். அம்மா மறுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துப் போனார்கள். யாரும் பூங்காவுக்குப் போகவில்லை. பிள்ளைகள் உட்பட எல்லோரும் படிகளில் வரிசையாக நின்றார்கள். ஊர்வலம் சந்து முனையைத் தாண்டியதும் சலவைக்காரர் திரும்பி அந்த ஆரஞ்சுக் கட்டடத்தை ஒரு முறை பார்த்தார். "அவரு உசுரோட இருந்தப்ப ஒரு நாள்கூட நல்லா இருக்குன்னு சொல்லல. பூசணிக்காயப் பிளந்து வெச்ச மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன்" என்றார் பக்கத்தில் நடந்தவரிடம்.

அதற்குப் பின் அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஐந்தாம் நாள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீயும் அத்தையும் என்கூட வந்துடுங்க. இதை யாருக்காவது குடுத்துடலாம். பெரிய ஓட்டல்காரன் இடிச்சிட்டு வண்டி நிறுத்த இடம் போட்டுக்குவான். இத்தனை மாடி ஏறி இறங்கி நீயும் விழணுமா?"

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக எல்லோர் சொல்வதையும் அப்படித்தான் கேட்டாள். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய். படுக்கச் சொன்னால் படுக்கை. காது கேட்டது, கண் தெரிந்தது, அவ்வளவுதான்.

மேசைமேல் பெயிண்டரின் போன் அடித்தது.

"எடுக்காதம்மா. நின்னுடும்."

அவள் எடுத்தாள்.

"பார்க் பக்கத்துல லாட்ஜுங்களா? நாங்க ரெண்டு குடும்பம். பெரியவங்க நாலு, சின்னதுங்க அஞ்சு. நெட்ல ஃபோட்டோ பாத்தோம். ஃபோட்டோல இருக்கற மாதிரியே இருக்குமாங்க?" ஒரு பெண்ணின் குரல்.

"இருக்காது. ஃபோட்டோல ரூம் பெருசாத் தெரியும். கட்டில் போட்டா நடக்க ரெண்டடிதான் மிச்சம்."

"ஓ. லிஃப்ட் இருக்கா?"

"இல்ல. படி செங்குத்து. முட்டி வலி இருக்கறவங்கன்னா மொத மாடி தரேன்."

"டிவி?"

"இருக்கு. எல்லார் மூஞ்சியும் பச்சையாத் தெரியும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "என்னங்க இது, வேற எடம் பாத்துக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கே? குடுக்கற காசுக்கு அப்படி என்னதான் இருக்கு உங்க லாட்ஜுல?"

இதற்கெல்லாம் பதில் சொல்வது அவர் வேலை. அவர் சொல்லும்போது அவள் எங்கோ மேலே ஏதோ ஓர் அறையில் இருந்திருப்பாள்.

"பெட்ஷீட் தினமும் மாத்துவோம். நானே மாத்துவேன். மெயின் கேட்டுக்கு எட்டு நிமிஷ நடை. சின்னது நடந்து வந்தா பன்னெண்டு ஆகும். சாயங்காலம் வரும்போது பாதி வழில தூங்கிடுங்க. நீங்க தோள்ல போட்டுட்டுத்தான் வரணும். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை. சாவி தேட வேண்டாம். நாங்க கூடவே மேல வந்து கதவைத் திறந்துவிடுவோம். விளக்கைப் போட மாட்டோம். பிள்ளை முழிச்சிக்கும்ல."

மறுமுனையில் அந்தப் பெண் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டாள். பிறகு, "ரெண்டு ரூம் போட்டு வைங்க. அடுத்த மாசம் கடைசி வாரம் வரோம்" என்றாள்.

"வாங்க."

போனைக் கீழே வைத்தாள். மகள் அவளையே பார்த்தாள்.

"அம்மா. அடுத்த மாசக் கடைசின்னா..."

"ஆமா."

"நான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தது?"

"கேட்டேன். இப்ப ரூம் தரேன்னு சொல்லிட்டேனே."

நாத்தனார் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"பசிக்குது" என்றாள் பெயிண்டரின் மனைவி.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய் நான்கு ரொட்டித் துண்டுகளை வாட்டி, ஒரு முட்டையை உரித்து, தட்டில் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவள் எடுத்துச் சாப்பிட்டாள். முதல் துண்டை அவசரமாக, இரண்டாவதை மெதுவாக. மூன்றாவதைக் கடித்தபோது தாடை நடுங்கத் தொடங்கியது. வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாத்தனார் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெளுத்த துணி மூட்டையோடு வந்த சலவைக்காரர், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றார். மூட்டையை இறக்கி வைக்காமல், கூப்பிடாமல், வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.